அறுபது கட்டங்கள்

போஸ்ட் ஆபீஸில் மாதா மாதம் ஒரே தொகை கட்டி வரும் ஐந்தாண்டு ஆர்.டி. கணக்குக்கு அந்தக் காலத்தில் ஒரு லெட்ஜர் அட்டை இருக்கும். மேலே கணக்கு எண், பெயர், விலாசம், மாதத் தவணை. கீழே மாதத்துக்கு ஒன்றாக 60 கட்டங்கள். தவணை வர வர ஒவ்வொரு கட்டத்திலும் தேதி போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அறுபதும் நிறைந்துவிட்டால் கணக்கு முதிர்ந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஆறேழு வருடம் என் வேலையே அந்தக் கட்டங்களை நிரப்புவதுதான். ஒரு தலைமை அஞ்சலகத்தில், சேமிப்புப் பிரிவில், ஆர்.டி. கவுண்டரில் இருந்தேன்.

அப்படி ஓர் அட்டை 58-ஆவது மாதத்திலேயே நிறைந்து நின்றது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகியும் அந்த அட்டை என்னை விடவில்லை.

ஆர்.டி. ஏஜென்ட் என்றால் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இளையவர்கள் பலருக்குத் தெரியாது. மகிளா பிரதான் க்ஷேத்ரிய பசத் யோஜனா என்று ஒரு திட்டம் 1972-இல் வந்தது. பெண்கள் மட்டும்தான் இதில் ஏஜென்ட் ஆக முடியும். வீடு வீடாகப் போய் மாதத் தவணையை வாங்கி அஞ்சலகத்தில் கட்ட வேண்டும். கட்டும் தொகையில் நூற்றுக்கு 4 ரூபாய் கமிஷன். திட்டத்தின் பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது. 'ஏஜென்ட் அக்கா' என்றால் தெருவுக்கே தெரியும்.

இதில் ஒரு சிக்கல் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஏஜென்டுக்கு அத்தாட்சி தருவது அஞ்சல் துறை இல்லை. மாநில அரசின் சிறுசேமிப்புத் துறை வழியாகக் கலெக்டர் ஆபீஸ் தருகிறது. பணம் வந்து சேருவது அஞ்சலகத்தில். திட்டம் மத்திய நிதி அமைச்சகத்துடையது. ஆக, அந்த அக்காவுக்கு அட்டை கொடுத்தது ஓர் ஆபீஸ், கமிஷன் கொடுப்பது இன்னோர் ஆபீஸ். வாடிக்கையாளருக்குத் தெரிந்ததோ ஒன்றே ஒன்றுதான்: 'போஸ்ட் ஆபீஸ்ல பணம் போடுறேன்.' எல்லாம் ஒழுங்காக நடக்கும் வரைக்கும் இந்தப் பிரிவினை யார் கண்ணிலும் படாது. கணக்கு இடித்த அன்றைக்குத்தான் ஒவ்வொருவரும் அடுத்தவர் பக்கம் கையை நீட்டுவார்கள்.

மாதக் கடைசி வேலை நாளில் கவுண்டருக்கு முன்னால் ஏழெட்டு அக்காக்கள் நிற்பார்கள். 16-ஆம் தேதியும் அதற்குப் பிறகும் தொடங்கிய கணக்குகளுக்கு அன்றே கடைசி நாள், தாண்டினால் அபராதம். ஆளுக்கொரு துணிப்பை. உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்புக் கட்டுகள். ஷெட்யூல் என்கிற பட்டியல் இரண்டு பிரதி: வரிசை எண், கணக்கு எண், பெயர், எத்தனை மாதத் தவணை, எவ்வளவு தொகை, அபராதம் இருந்தால் அது, கடைசியில் கூட்டுத்தொகை. நான் கூட்டலைச் சரிபார்த்துப் பணத்தை எண்ணி வாங்குவேன். ஒரு பிரதியில் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தால் அவர் கிளம்பலாம். அதற்குப் பிறகு பாஸ்புக் ஒவ்வொன்றிலும் பதிவு, லெட்ஜர் அட்டை ஒவ்வொன்றிலும் பதிவு. ஒரு பட்டியலில் ஐம்பது கணக்கு இருந்தால் நூறு பதிவு. எட்டு பட்டியல் வந்தால் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இதை ஒரு ஆள் ஒரு நாளில் எழுதி முடிக்க முடியாது. அதனால் ஒரு வழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. பாஸ்புக்கில் தேதியையும் தொகையையும் அக்காவே வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்துவிடுவார். நான் முத்திரையை மட்டும் டப் டப்பென்று குத்தி ஒரு கிறுக்கல் கிறுக்கிக் கொடுப்பேன். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே இருந்த வழக்கம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் தடுத்ததில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்கு உறைத்தது பிற்பாடுதான். பாஸ்புக் என்பது துறை வாடிக்கையாளருக்கு எழுதித் தரும் சீட்டு. 'உன் பணம் எங்களிடம் வந்து சேர்ந்தது' என்று பணம் வாங்கியவர் எழுத வேண்டும். அதைப் பணம் கொண்டு வந்தவர் கையாலேயே எழுத வைத்தால் எழுத்து அவருடையது, முத்திரை எங்களுடையது. பிரச்சினை என்று வரும்போது எழுத்தைப் பார்ப்பார்கள், முத்திரையைப் பார்க்க மாட்டார்கள்.

அப்படித்தான் ஆனது.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தறிக்காரர் வீட்டு அம்மாவின் கணக்கு முதிர்ந்தது. மாதம் 500 ரூபாய். அந்த ஊரில் அன்றைக்கு அது பெரிய தொகை. மகள் கல்யாணத்துக்கு நகை எடுப்பதற்காகப் போட்டு வந்தது. பாஸ்புக்கில் அறுபது பதிவு இருந்தது. லெட்ஜர் அட்டையிலோ 58 கட்டம்தான் நிறைந்திருந்தது. இரண்டு தவணை குறைவு என்று கணக்கெடுத்து, வட்டியோடு சேர்த்து 1,400 ரூபாய்ச் சொச்சம் குறைத்துத்தான் கிடைக்கும் என்றது ஆபீஸ். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் ஒரு மாசமும் விடலியே சார், ஏஜென்ட் அக்காகிட்ட கேட்டுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே நின்றார். பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்த மூத்த எழுத்தர் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "எழுத்தெல்லாம் அந்தம்மா எழுத்தும்மா. அவங்ககிட்டயே கேட்டுக்குங்க."

முத்திரை எங்களுடையது என்று அந்த இடத்தில் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பக்கத்துக் கவுண்டரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா வந்தார். ஷெட்யூல் பிரதியைத் தேடினார். நான்கு வருடத்துக்கு முந்தைய பிரதி, மழைக்கு ஒழுகிய வீட்டில் கட்டோடு ஊறிப் போயிருந்தது. ஆபீஸ் பிரதியை எடுத்துப் பார்க்கலாமே என்று அவர் கேட்டதற்கு, பழைய ரெக்கார்டு ரூமில் கிடக்கிறது, எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்று பதில் வந்தது. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அக்கா எழுதிக் கொடுக்கவில்லை. 1,400 ரூபாயைத் தன் கையிலிருந்து எடுத்து அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நூற்றுக்கு நாலு என்றால், அந்த 1,400 ரூபாயைச் சம்பாதிக்க அவர் 35,000 ரூபாய் வசூலித்து வந்து கட்டியிருக்க வேண்டும். அவருடைய ஒரு மாத வசூலே அவ்வளவு வராது.

பணம் போனது ஒரு பக்கம். அந்தத் தெருவில் ஏழெட்டு வீடுகள் அவரிடம் போடுவதை நிறுத்திவிட்டன. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததே அவர் எடுத்ததற்குச் சாட்சி என்று ஆகிவிட்டது. இப்படி ஒரு பொறியில் மாட்டினவர்கள் வெளியே வரவே முடியாது. கொடுக்காவிட்டால் திருடி, கொடுத்தால் மாட்டிக்கொண்ட திருடி.

சில மாதம் கழித்து, வேறொரு ஏஜென்டின் பட்டியலுக்குப் பதிவு போட்டுக்கொண்டிருந்தேன். ஓர் அட்டையில் தேதி போடப் போனால் காலிக் கட்டமே இல்லை. கணக்கு தொடங்கி 58 மாதம்தான் ஆகியிருந்தது. கட்டங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்தேன். ஒரு மாதத்தில், ஒரே தேதியில், அடுத்தடுத்து மூன்று கட்டம் நிரம்பியிருந்தது. அந்தக் கணக்குக்காரர் முன்பணம் கட்டியதாகப் பாஸ்புக்கில் இல்லை. இந்தக் கணக்கு எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 41. தறிக்காரர் வீட்டு அம்மாவின் கணக்கு எண் அப்படியே இதேதான், கடைசி இரண்டு இலக்கம் மட்டும் 14. இரண்டுக்கும் தவணை 500. ரெக்கார்டு ரூமுக்குப் போய் அந்தத் தேதி ஷெட்யூலை நானே தேடி எடுத்தேன். அரை நாள்கூட ஆகவில்லை. அக்காவின் குண்டு எழுத்தில் 14 என்று தெளிவாக இருந்தது, இரண்டு மாதத் தவணை, 1,000 ரூபாய், அபராதத்தோடு. லெட்ஜரில் 41-இல் பதிந்திருந்தது. பக்கத்தில் இருந்த சுருக்கொப்பம் என்னுடையது.

இதை யாரும் கண்டுபிடிக்காதது எப்படி என்று கேட்பீர்கள். எங்களிடம் எஸ்.பி.சி.ஓ. என்று தனிப் பிரிவே உண்டு, சேமிப்புக் கணக்குகளைச் சரிபார்ப்பதற்கென்றே. அவர்கள் வருடா வருடம் லெட்ஜர்களின் மொத்த இருப்பைக் கூட்டி, பொதுக்கணக்கோடு ஒப்பிடுவார்கள். 14-இல் போக வேண்டிய 1,000 ரூபாய் 41-இல் போனால் கூட்டுத்தொகை மாறாது. மொத்தம் டாலி ஆகும். ஒவ்வொரு வவுச்சரையும் ஒவ்வொரு அட்டையோடு வைத்துப் பார்த்தால் தெரியும், அந்த வேலையும் அவர்களுக்கு உண்டுதான், ஆனால் ஆள் இல்லாமல் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் தேங்கிக் கிடக்கும். துறையின் கணக்கு துறைக்கு நேராக இருந்தது. இரண்டு மனிதர்களின் கணக்குதான் கோணலாக இருந்தது. பெரிய ஆபீஸ்களின் கணக்கு முறையில் எனக்கு இருக்கும் முதல் மனத்தாங்கல் இதுதான். ஆபீஸுக்கு நஷ்டம் வந்தால் மணி அடிக்கும். வாடிக்கையாளருக்கோ ஏஜென்டுக்கோ வந்தால் ஒரு சத்தமும் கேட்காது.

பிறகு இந்த விஷயத்தைக் கோர்ட்டுகள் எப்படிப் பார்த்தன என்று தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வயிறு கலங்கிய ஒரு வழக்கு 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. எல்.ஐ.சி. பாலிசி. 1987 மார்ச் 6-ஆம் தேதி கட்ட வேண்டிய பிரீமியம், கருணைக் காலத்துக்குள் கட்டப்படவில்லை. ஏஜென்ட், பாலிசிதாரரிடம் 2,730 ரூபாய்க்கு ஜூன் 4 தேதியிட்ட காசோலையை வாங்கினார். மறுநாளே அது பணமாக்கப்பட்டது. ஆனால் எல்.ஐ.சி.யில் கட்டவில்லை. ஆகஸ்ட் 9-ஆம் தேதி பாலிசிதாரர் விபத்தில் இறந்தார். ஆகஸ்ட் 10-ஆம் தேதி பணம் எல்.ஐ.சி.யில் கட்டப்பட்டது. ஒரு நாள். கோர்ட் என்ன சொன்னது என்றால், எல்.ஐ.சி.யின் 1972-ஆம் வருட ஏஜென்ட் விதிமுறைப்படி பணம் வசூலிக்கும் அதிகாரம் ஏஜென்டுக்குக் கிடையாது, அவரிடம் கொடுத்தது எல்.ஐ.சி.யிடம் கொடுத்ததாக ஆகாது. குடும்பத்துக்கு இழப்பீடு இல்லை.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஏஜென்டிடம் பிரீமியம் கொடுக்காத வீடு நம் ஊரில் எத்தனை இருக்கும்? ஊரே செய்கிற ஒன்றைக் கண்டும் காணாமலும் விட்டு வைத்து, வியாபாரம் அதனால் வளரும்போது ஏற்றுக்கொண்டு, நஷ்டம் வரும்போது மட்டும் விதிமுறைப் புத்தகத்தை எடுத்து நீட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, 1999-இல், அதே நீதிமன்றம் வேறு மாதிரி ஒரு தீர்ப்பு சொன்னது. சம்பளத்திலேயே பிரீமியம் பிடித்துக் கட்டும் திட்டம். டெல்லி மின்வாரிய ஊழியர் ஒருவர் இறந்துபோனார். வாரியம் பிரீமியத்தை எல்.ஐ.சி.க்கு அனுப்பாமல் விட்டிருந்தது. பாலிசி காலாவதி என்றது எல்.ஐ.சி. கோர்ட் ஏற்கவில்லை. பணத்தைப் பிடித்து அனுப்பும் வேலையை வாரியத்திடம் ஒப்படைத்தது நீங்கள், அந்த ஊழியர் வரையில் வாரியம் உங்கள் ஏஜென்ட்தான், உங்களுக்குள் இருக்கும் விதிமுறை அவருக்கு எப்படித் தெரியும் என்ற வழியில் போய், எல்.ஐ.சி.யே பணம் தர வேண்டும் என்றது.

எங்கள் துறையைப் பற்றிய தீர்ப்பு 2022 பிப்ரவரியில் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு குடும்பம் லட்சக்கணக்கில் கிசான் விகாஸ் பத்திரம் வாங்கி வைத்திருந்தது. வேறு ஊர் அஞ்சலகத்துக்கு மாற்றித் தருவதாக ஒரு ஏஜென்ட் பத்திரங்களை வாங்கிப்போனார். அவை அஞ்சலகத்திலேயே பணமாக்கப்பட்டன. 20,000 ரூபாய்க்கு மேல் காசோலையாகத்தான் தர வேண்டும் என்ற விதி இருந்தும் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. ஏஜென்ட் செய்த மோசடிக்கு நாங்கள் என்ன செய்வது என்றது துறை, தேசிய நுகர்வோர் ஆணையமும் துறையை விடுவித்தது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. அஞ்சலகம் என்பது தன் ஊழியர்கள் வழியாகத்தான் இயங்குகிறது, வேலை நேரத்தில் வேலையின் பகுதியாக அவர்கள் செய்த தவறுக்கு அஞ்சலகமே பொறுப்பு. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்த முத்திரைதான் ஞாபகம் வந்தது. பாஸ்புக்கில் எழுத்து யாருடையதாக இருந்தால் என்ன, முத்திரை குத்தியது நான்.

இதன் மறுபக்கத்தை இங்கிலாந்தில் பார்த்தோம். அங்கே சப்-போஸ்ட்மாஸ்டர்கள் பெரும்பாலும் ஊழியர்கள் இல்லை, ஒப்பந்தத்தில் அஞ்சலகம் நடத்துகிறவர்கள். 1999 முதல் அவர்கள் கணக்கெல்லாம் ஹொரைசன் என்ற மென்பொருளில் ஏறியது. மென்பொருள் பணம் குறைகிறது என்று காட்டினால் அவர்கள்தான் கையிலிருந்து போட வேண்டும் என்று அழுத்தினார்கள். போட முடியாதவர்கள்மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு. 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். சீமா மிஸ்ரா என்ற பெண்மணி 2010-இல் வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குப் போனார், மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள் அன்று. 2019 டிசம்பரில்தான் மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. அவருடைய தண்டனை ரத்தானது 2021-இல். கணக்கை வைத்திருந்தவர்கள் கணக்கைச் சந்தேகிக்கவில்லை, காசு கொண்டு வந்தவரைச் சந்தேகித்தார்கள். அக்காவுக்கு நடந்தது இதுவேதான். அவருக்குச் சிறை இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இப்போது லெட்ஜர் அட்டை இல்லை. 2013 கடைசியிலிருந்து அஞ்சலகங்கள் ஒவ்வொன்றாகக் கோர் பேங்கிங்குக்கு, அதாவது எல்லா ஆபீஸ் கணக்கும் ஒரே கம்ப்யூட்டர் வலையில் இருக்கும் முறைக்கு, மாறின. ஏஜென்ட் தன் செல்போனிலோ கம்ப்யூட்டர் சென்டரிலோ இணையத்தில் பட்டியலைத் தயாரிக்கிறார். ஒரு எண் வருகிறது. அதைக் கவுண்டரில் கொடுத்துப் பணத்தைக் கட்டினால் ஐம்பது கணக்குக்கும் ஒரே தட்டில் பதிவு. 14-க்கும் 41-க்கும் குழப்பம் வர வழியில்லை, கணக்கு எண்ணை யாரும் பார்த்து எழுதுவதே இல்லையே. இந்த மாற்றத்தை நான் மனசார வரவேற்கிறேன்.

ஆனாலும் வீட்டு வாசலில் காசு கை மாறுவதற்கும் கவுண்டரில் பதிவு ஏறுவதற்கும் நடுவில் இருக்கிற நாட்கள் அப்படியே இருக்கின்றன. அந்த இடைவெளிக்கு இருப்பது ஆஸ்லாஸ் அட்டை ஒன்றுதான், ஏஜென்ட் பணம் வாங்கியதும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய அட்டை. அதைக் கேட்டு வாங்குகிற வீடு நூற்றில் பத்து இருந்தால் அதிகம் என்பது என் அனுபவம். பாஸ்புக்கை அச்சடிக்க நீட்டினால் பிரிண்டர் ரிப்பேர், அடுத்த வாரம் வாங்க என்கிறார்கள். பணம் ஏறியதும் குறுஞ்செய்தி வரும், ஆனால் எந்த எண்ணுக்கு? கணக்கு தொடங்கும்போது படிவத்தை நிரப்பியவர் ஏஜென்ட், வாடிக்கையாளரிடம் செல்போன் இல்லையென்று தன் எண்ணையே போட்டுவிடுகிறார். நான் பக்கத்து வீட்டுப் பாட்டிக்காகப் போய்ப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. அவர் பணத்தைப் பற்றிய செய்தி எல்லாம் பணத்தைக் கொண்டுபோகிறவருக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த ஏஜென்ட் நாணயமானவர், ஒரு பைசா குறையவில்லை. அது அவருடைய குணத்தால் சரியாக இருந்தது. ஆபீஸின் ஏற்பாட்டால் இல்லை.

வருடத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு தபால், 'உங்கள் கணக்கில் இத்தனை தவணை வந்திருக்கிறது' என்று, ஏஜென்ட் கையைத் தொடாமல் தபால்காரர் கையால் நேராக வீட்டுக்குப் போகட்டும். வீட்டுக்கு வீடு ஆள் வைத்திருக்கும் ஒரே அரசுத் துறை எங்களுடையது. எங்களால் முடியாவிட்டால் வேறு யாரால் முடியும்? பாதி ஏஜென்டுகள் இதைத்தான் கேட்பார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். கெட்ட ஏஜென்டுக்குத்தான் அந்தத் தபால் பயம். நல்லவருக்கு அது கவசம்.

அந்த அட்டைக்கு வருகிறேன். போஸ்ட்மாஸ்டரிடம் அன்று மாலையே சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். பழைய விஷயம், கணக்கும் முடிந்துவிட்டது, கிளறினால் உனக்குத்தான் சார்ஜ் ஷீட் வரும் என்றார். எழுதித்தான் ஆக வேண்டும் என்று நின்றேன். விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். மேலிடத்து அனுமதி வந்து, குறைத்துப் பிடித்த தொகை தறிக்காரர் வீட்டு அம்மா பெயருக்கு வழங்கப்பட இரண்டு மாதம் ஆனது. அவர் அதை அக்காவிடம் சேர்க்க வேண்டும். ஆபீஸின் புத்தகத்தில் அக்கா கொடுத்த 1,400 ரூபாய் எங்குமே இல்லை. அவர் பெயரில் துறை வைத்திருந்த கணக்கு அவருடைய கமிஷன் கணக்கு மட்டும்தான்.

அதற்கு முன்னால், அட்டையைக் கண்டுபிடித்த மறுநாள், அக்கா பட்டியலோடு வந்தபோது அவரைக் கவுண்டருக்கு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். இரண்டு அட்டையையும் ஷெட்யூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். விரலை வைத்து ஒரு கட்டம் ஒரு கட்டமாக நகர்த்தி, அந்த மூன்று கட்டத்துக்கு வந்ததும் நின்றார்.

"இது யாரு கையெழுத்து தம்பி?"

"என்னுதுதான்கா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். பணத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். ஷெட்யூலை எடுத்து, தான் எழுதின 14-ஐ இன்னொரு தடவை பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இத அவங்க வீட்டுக்கு வந்து நீங்க சொல்லுவீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை போனோம். அவர் முன்னால் நடந்தார், நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால். தறிச் சத்தம் நின்றது. திண்ணையில் பாய் போட்டார்கள். அந்த அம்மா, வீட்டுக்காரர், பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்கள். அக்கா உட்காரவில்லை, தூணில் சாய்ந்து நின்றார். கணக்கு எண் மாறினதை நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அக்கா கொண்டு வந்த பணத்தை அன்றைக்கே ஆபீஸில் கட்டிவிட்டார், தப்பு நடந்தது போஸ்ட் ஆபீஸில், பதிந்தது நான் என்று சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருவர், "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றார். இன்னொரு தடவை சொன்னேன்.